பாதிப் போர்வை

நான் சொல்லப்போவது நடந்தது. எனக்கே நடந்தது. நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திருடன் வாயிலிருந்து வருவதை நம்பாமல் இருப்பது உலகத்துக்குப் பழக்கம்தான். வேலியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிப் போர்வையை நான் எடுத்தது உண்மை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை குளிரில் நீலம் பாரித்துக் கிடந்தது, அதனால் எடுத்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். அதுவும் உண்மை. நீதிபதி மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே கேட்டுவிட்டு, ஏழு வருஷம் நாடுகடத்தல் என்றார். போர்வையைச் சொந்தக்காரியிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னைத்தான் என் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் பெயர் ஜெத்ரோ விக். கப்பலில் ஏற்றி, சிட்னியில் இறக்கி, ஆட்டுக்கு ஆள் வேண்டும் என்று கேட்ட ஒரு பண்ணைக்கு என்னை ஒதுக்கினார்கள். பாதர்ஸ்ட் ஊரைத் தாண்டி மேற்கே மூன்று நாள் நடை. முதல் இரண்டு வருஷம் பண்ணை வீட்டிலேயே வேலி அடைத்தேன். பிறகு மலையடிவாரத்தில் இருந்த ஒரு குடிசைக்கு அனுப்பினார்கள். பண்ணை வீட்டிலிருந்து அது அரை நாள் தூரம். மரப்பட்டை வேய்ந்த குடிசை, பக்கத்தில் படல் கட்டிய ஆட்டுப்பட்டி, அதற்கு அப்பால் தைலமரக் காடு. அவ்வளவுதான்.

அங்கே எனக்குத் துணை டார்பி கியோ என்ற ஐரிஷ்காரர். பகலில் ஆடு மேய்ப்பது நான். ரொட்டி சுட்டு, இரவில் பட்டிக்குக் காவல் இருப்பது அவர். முன்பு சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்குப் போட்டு வறுத்ததில் அவருக்கு நெஞ்சு வெந்துபோய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். கிட்டே போய்க் காதைக் கொடுத்தால்தான் வார்த்தை புரியும்.

“வாப்பா, வா. நீ என்னத்தைத் தூக்கினே?” என்றுதான் முதல் நாள் கேட்டார்.

“போர்வை அண்ணே.”

“ஒரே ஒரு போர்வையா? நான் ஒரு பன்னிக்குட்டி. நம்ம கங்காணி மாடக் இருக்கானே, அவன் வெள்ளிக் கரண்டி. பெரிய இடத்துத் திருடன்ல, அதான் இப்ப நம்மளை மேய்க்கிறான்.”

மாடக்கும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவன்தான். முதுகில் கசையடித் தழும்பு உள்ளவன். அடி வாங்கியவனுக்கு அடியின் வலி தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியும். எங்கே அடித்தால் அதிகம் வலிக்கும் என்று தெரியும்.

நான் படுக்க வேண்டிய பலகையில் மடித்து வைத்த ஒரு போர்வை இருந்தது. மூலையில் சிவப்புத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது.

“இது யாருது அண்ணே?”

“உனக்கு முன்னாடி இங்க மேய்ச்சவன். ஓபேத்னு பேரு. ஆட்டுக்குட்டியைத் திருடினதுக்கு வந்தவன். போன மாசம் ஓடிட்டான்.”

“இந்தக் குளிர்லயா? போர்வையை விட்டுட்டா ஓடுவான்?”

டார்பி ரொட்டியைப் புரட்டிப் போட்டார். சாம்பல் படிந்த பக்கத்தை ஊதினார். நான் கேட்டதே காதில் விழாத மாதிரி ஊதிக்கொண்டே இருந்தார்.

எங்கள் வேலையில் எல்லாமே கணக்குதான். சாயங்காலம் படலை ஓர் ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் திறப்போம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டார்பி. ஒவ்வொன்றாக விட்டு இரண்டு பேரும் எண்ணுவோம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் சோறு. ஓர் ஆடு குறைந்தால் ஐம்பது கசையடி. அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாலு வருஷம் ஒரு புகாரும் இல்லாமல் கழித்தவனுக்கு விடுப்புச் சீட்டு கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் நம் இஷ்டத்துக்குக் கூலி வேலை பார்க்கலாம். ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பச் சொல்லி மனுப் போடலாம். என் மனைவி கெஸியா. மகள் பெத். அந்தச் சீட்டுக்காகத்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆடு தொலைந்தால் சீட்டும் தொலைந்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டில் வழி தவறியவன் கூப்பாடு போடுவான். ‘கூ...’ என்று நீட்டி, கடைசியில் ‘யீ’ என்று மேலே தூக்குவான். அது எட்டுகிற தூரத்துக்குச் சாதாரணச் சத்தம் எட்டாது. கேட்டவன் எவனாக இருந்தாலும் பதில் கூப்பாடு கொடுக்க வேண்டும். பகையாளி என்றாலும் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் தொலைந்தவன் வந்து சேருவான். இந்தக் கூப்பாட்டை நாங்கள் அந்த மண்ணின் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய மண்ணையும் எடுத்துக்கொண்டோம். அதற்காக எங்களில் யாரையும் யாரும் நாடு கடத்தவில்லை.

டார்பி மட்டும் முதல் வாரமே சொல்லிவிட்டார். “தம்பி, பொழுது சாஞ்சப்புறம் இந்தப் பக்கத்துல நின்னு கூப்பாடு போடாதே.”

“ஏன் அண்ணே?”

“போடாதேன்னா போடாதே.”

சின்னச் சின்ன விஷயங்கள்தான் முதலில் தப்பாகப் பட்டன. இருட்டுகிற நேரத்தில் டார்பி இரண்டு காதிலும் ஆட்டு மயிரைத் திணித்துக்கொள்வார். டீ ஊற்றும்போது மூன்று குவளை எடுத்து வைப்பார். பிறகு ஒன்றைத் திருப்பி மாட்டுவார். ஆடுகள் பட்டிக்குள் அடைந்ததும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். தைலமரக் காட்டுப் பக்கம். காதை விடைத்துக்கொண்டு, அசை போடாமல் நிற்கும். எங்கள் நாய் நிப் அந்தப் பக்கம் மட்டும் போகாது. கல்லால் அடித்தாலும் போகாது, அதனால் நானும் அங்கே மேய்த்ததில்லை.

சில நாள் எண்ணும்போது ஓர் ஆடு கூடுதலாக வரும். மறுபடி எண்ணினால் சரியாக இருக்கும். எனக்கு மட்டும் அல்ல, டார்பிக்கும் அதே கூடுதல்தான் வரும். அவர் முகம் சுண்ணாம்பாகிவிடும். “இன்னொரு தடவை எண்ணு” என்பார்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. எனக்குச் சீட்டு கிடைக்க ஒரு மாதம்தான் பாக்கி.

அன்றைக்கு மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஆடுகளைச் சத்தத்தை வைத்தே ஓட்டிக்கொண்டு வந்தேன். படலைத் திறந்து எண்ணினோம்.

பதினோரு ஆடு குறைந்தது.

மறுபடி எண்ணினோம். பதினொன்றுதான். மறுநாள் காலை மாடக் மாவும் இறைச்சியும் கொண்டுவரும் நாள். வந்ததும் முதல் வேலையாக எண்ணுவான். போர்வையை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டேன்.

“போகாதே தம்பி. காலையில தேடுவோம்.”

“காலையில மாடக் வந்துருவான் அண்ணே. ஒரு மாசம்தான் இருக்கு. இந்த ஒரு மாசத்துல கெடுத்துக்கச் சொல்றியா?”

டார்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். “சரி, போ. ஆனா கூப்பாடு மட்டும் போடாதே. செத்தாலும் போடாதே.”

நிப் வாசலிலேயே படுத்துக்கொண்டது. நான் தனியாகப் போனேன்.

எவ்வளவு நேரம் நடந்தேன் என்று கேட்காதீர்கள். கைதிக்குக் கடிகாரம் ஏது? வெளிச்சம் முழுசாகப் போகும்வரை நடந்தேன். பிறகும் நடந்தேன். ஓர் ஓடையில் கால் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே ஓடையில் மறுபடி கால் வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. ஆடு தொலையவில்லை, நான் தொலைந்துவிட்டேன்.

குளிர் எலும்புக்குள் இறங்கியது. பல் தானாக அடித்துக்கொண்டது. கெஸியாவை நினைத்தேன். டார்பி சொன்னதையும் நினைத்தேன். நினைத்து என்ன செய்ய? உயிர் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

“கூ...யீ!”

ஒன்றும் இல்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

“கூ...யீ!”

இடது பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“கூ...யீ...”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டார்பி அண்ணன்தான் என்று நினைத்தேன், பயத்தில் வேறு யோசனை ஓடவில்லை. அந்தப் பக்கம் திரும்பி நடந்தேன். நான் கூப்பிட்டேன், அது பதில் சொன்னது. நான் நின்றால் அதுவும் நின்றது. பத்தடி, இருபதடி... ஒரு பள்ளம் இறங்கியது. பள்ளத்துக்குள் மணிச் சத்தம் கேட்டது. ஆட்டின் கழுத்து மணி.

எங்கள் மந்தையில் எந்த ஆட்டுக்கும் மணி கிடையாது.

பள்ளத்தின் அடியில் பனி கொஞ்சம் வெளுத்திருந்தது. மேலே எங்கோ நிலா இருந்திருக்க வேண்டும். ஒரு பெரிய மரம். அதன் அடியில் என் ஆடுகள் வட்டமாகப் படுத்திருந்தன. நடுவில், மரத்தில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முகம் தெரியவில்லை. தோளும் தலையும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன.

“யாரு?” என்றேன்.

“ஆடு தேடி வந்தவன்.”

டார்பியின் குரல் இல்லை. இளம் குரல். தொண்டை வறண்ட குரல். எவனோ பண்ணையை விட்டு ஓடி வந்து ஒளிந்திருக்கிறான் என்று நினைத்தேன். காட்டிக்கொடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பதில் குடுத்தது நீதானா?”

“ஆமா. நீ கூப்பிட்டே. நான் சொன்னேன்.” பிறகு, “நான் கூப்பிட்டப்ப யாரும் சொல்லல” என்றான்.

“குடிசை எந்தப் பக்கம்னு தெரியுமா? வா, சேர்ந்து போயிடலாம்.”

“கால் வராது.”

அவன் மேலிருந்து குளிர் வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர். பாவம், விறைத்துப்போயிருக்கிறான் என்று போர்வையின் ஒரு பக்கத்தை அவன் தோளில் போட்டு, மறுபக்கத்தை என் தோளில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. போர்வை வழியாக அந்தக் குளிர் என் மார்புக்கு ஏறியது. கத்தியை எடுத்துப் போர்வையை நடுவில் கிழித்தேன். சிவப்பு ஒட்டுப் போட்ட பாதியை அவனுக்குச் சுற்றிவிட்டேன்.

அவன் கை மெதுவாகப் போர்வையைத் தடவியது.

“இந்த மூலையில ஒட்டு இருக்கும்.”

“ஆமா, இருக்கு.”

“சிவப்பு.”

அந்த இருட்டில் நிறம் எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. களைப்பு. கண் சொருகியது.

“கணக்கு சரியா வந்துச்சா?” என்றான்.

“பதினொண்ணு குறைஞ்சுது. இப்ப எல்லாம் இங்க இருக்கு. சரியாயிடும்.”

“எனக்கு ஒண்ணு குறைஞ்சுது. அதைப் புடிச்சுட்டேன். குடுத்துடு. ஓடலைன்னு சொல்லு.”

“யாருகிட்ட?”

அவன் போர்வை மூலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

என் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. அவன் பக்கத்தில் புகையே இல்லை.

அதைப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்...

எழுந்து ஓடியிருக்க வேண்டும். கால் மரத்துப்போயிருந்தது. மணி ஒரு தடவை அசைந்தது. எப்படித் தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது விடிந்திருந்தது. மூடுபனி அப்படியே இருந்தது. நான் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஆடுகளுக்கு நடுவில் கிடந்தேன். எப்போது தள்ளிப் படுத்தேன் என்று நினைவில்லை. மரத்தடி பனியில் மறைந்திருந்தது. “இருக்கியாப்பா?” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமில்லை. போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எங்கோ டங், டங் என்று இரும்புச் சட்டியைத் தட்டுகிற ஓசை கேட்டது. ஆடுகளை எழுப்பி அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மேட்டில் பனி மெலிந்திருந்தது, எதிரில் எங்கள் குடிசை. கூப்பிடு தூரம்தான். இரவெல்லாம் நான் குடிசையின் காலடியில் கிடந்திருக்கிறேன்!

டார்பி வாசலில் சட்டியும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார். கை விரல்களில் ரத்தம். இரவு முழுவதும் தட்டியிருக்கிறார். இரவில் அது ஏனோ பள்ளத்துக்குள் எட்டவே இல்லை.

“நல்ல வேளை அண்ணே, ராத்திரி ஒரு பதில் கூப்பாடு வந்துச்சு. முதல்ல உன்னோடதுன்னுதான்...”

“எனக்கு ஏதுடா தொண்டை?” என்றார் டார்பி. “நீ கூப்பிட்டதும் கேட்டுச்சு. அந்தப் பதிலும் கேட்டுச்சு. அதனாலதான் சட்டியைத் தட்டினேன்.”

நான் படலைத் திறந்தேன். எண்ணினோம்.

ஒன்று கூடுதல்.

மறுபடி எண்ணினோம். இந்தத் தடவை சரியாகவில்லை. ஒன்று கூடுதல்தான். கடைசியாக நுழைந்தது ஒரு கிழட்டுக் கிடா. இரண்டு வருஷம் கத்தரிக்காத மயிர் தரையில் புரண்டது. மயிருக்குள் கழுத்து மணி. காதில் எங்கள் பண்ணையின் வெட்டு. டார்பி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“இது மணிக்கிடா, மந்தைக்கு முன்னால போறது. இதைத் தேடித்தான் ஓபேத் போனான்.” என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, மாடக் வர்றதுக்குள்ள இதைத் தொரத்தி விட்டுடு. வேணாம்.”

“ஏன் அண்ணே? தொலைஞ்ச ஆட்டைக் கொண்டுவந்தா சந்தோஷம்தானே படுவான்?”

நாலு வருஷம் ஆகியும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். குறைந்தால்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடக் வந்தான். எண்ணினான். கிடாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷமா எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?”

“ஒளிக்கல ஐயா. ராத்திரி அந்தப் பள்ளத்துல ஒரு ஆளு குடுத்தான்.”

“ஆளா?” மாடக்கின் கண் பளிச்சென்றது. ஓடிப்போனவனைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி உண்டு. “வாடா. காட்டு.”

பனி விலகத் தொடங்கியிருந்தது. மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கினோம். ஆடுகள் படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் நசுங்கிக் கிடந்தது. நான் படுத்திருந்த இடமும் தெரிந்தது.

மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

எலும்பாக.

விலா எலும்புக்குள் புல் முளைத்து, காய்ந்து, மறுபடி முளைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இரண்டாக ஒடிந்திருந்தது. தோளைச் சுற்றி என் பாதிப் போர்வை. நான் சும்மா சுற்றித்தான் விட்டிருந்தேன். இப்போது அது இறுக்கிப் போர்த்தி, நுனி கழுத்தெலும்புக்குக் கீழே செருகியிருந்தது. குளிரில் இருக்கிறவன் செருகிக்கொள்வானே, அப்படி.

அந்தத் தோளோடு தோள் ஒட்டித்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

டார்பி முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மாடக் பயப்படவில்லை. ஒரு நிமிஷம் மேட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து குடிசைப் புகை நன்றாகவே தெரிந்தது. பிறகு காறித் துப்பினான்.

“எலும்பைப் பாத்திருக்கே. ஆட்டைப் பாத்திருக்கே. ரெண்டையும் மறைச்சு வச்சுட்டு இப்ப கதை சொல்றியா? சர்க்கார் போர்வையை வேற கிழிச்சிருக்கே. உனக்குப் போர்வைன்னா அவ்வளவு ஆசையாடா?”

“அவன் ஓடலை ஐயா. ஓடலைன்னு சொல்லச் சொன்னான்.”

“யாரு சொன்னது? இவனா?” என்று மண்டை ஓட்டைக் காலால் தட்டினான்.

ஓபேத்தை நானும் டார்பியும் அந்த மரத்தடியிலேயே புதைத்தோம். போர்வையை எடுக்க மனம் வரவில்லை. அதோடுதான் குழிக்குள் வைத்தேன். என் கையால் மண் தள்ளினேன்.

விசாரித்த நீதிபதி எங்கள் முதலாளியின் சிநேகிதர். ஆட்டை மறைத்ததற்கு ஐம்பது அடி. போர்வையில் பாதியைக் காணோம் என்பதற்கு இருபத்தைந்து. சீட்டு இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. ஒரு முழுப் போர்வைக்காகக் கடல் தாண்டி வந்தேன், அரைப் போர்வைக்காக முதுகுத் தோல் போயிற்று. கட்டிவைத்து அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் சேர்த்து அடித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சீட்டு கொடுத்தார்கள். மனுப் போடக் கிளம்பிய வாரம், எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஒரு கைதியைப் பாதர்ஸ்ட்டில் பார்த்தேன். கோழி திருடியவன். கெஸியா முந்தின வருஷமே ஏழைகள் விடுதியில் காய்ச்சலில் செத்துவிட்டாள் என்றான். பெத் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த ஓர் ஆடு கூடாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் அதற்குள் கப்பலேறி வந்திருப்பார்கள். செத்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கணக்கைச் சரி செய்ய நினைத்தான். கணக்கை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

போக இடம் இல்லாமல் அதே குடிசைக்கே கூலிக்காரனாகத் திரும்பி வந்தேன். டார்பி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. போவதற்கு முந்தின நாள் என் காதை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

“ஓபேத் மூணு நாள் கூப்பிட்டான் தம்பி. எனக்குக் கேட்டுச்சு. மாடக்குக்கும் கேட்டுச்சு. அவன் அப்ப இங்கதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தான். ‘ஓடினவன் தந்திரம் பண்றான், பதில் குடுத்தா உனக்கு ஐம்பது அடி’ன்னான். எனக்குத் தொண்டை இல்ல. ஆனா சட்டி இருந்துச்சுடா. சட்டி இருந்துச்சு...”

இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவரை என்னால் திட்ட முடியவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் மாடக் குடிசைக்கு வந்துவிட்டு மத்தியானம் கிளம்பினான். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. பொழுது சாயும்போது அவன் குதிரை மட்டும் திரும்பி வந்தது.

பிறகு கூப்பாடு கேட்டது.

“கூ...யீ!”

மாடக்கின் குரல்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவன் மேல் இருந்த கசப்பு கழுத்துவரை இருந்தது. ஆனால் தொலைந்தவன் கூப்பிட்டால் பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சட்டியை எடுத்துத் தட்டினேன். குரல் கிட்டே வந்தது.

“ஜெத்ரோ! எங்கடா இருக்கே?”

அதுவரை அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“இங்க வாங்க! சத்தத்தைப் புடிச்சு வாங்க!”

அப்போது இடது பக்கத்திலிருந்து...

“கூ...யீ...”

இளம் குரல். தொண்டை வறண்ட குரல்.

பட்டியில் எல்லா ஆடும் அந்தப் பக்கம் திரும்பின.

மாடக் நின்றுவிட்டான். பிறகு அவன் கூப்பாடு திரும்பியது. என்னை விட்டு விலகியது.

“அது நான் இல்ல! அந்தப் பக்கம் போகாதீங்க!” என்று அலறினேன். சட்டி நெளியும்வரை தட்டினேன்.

அவன் கூப்பிட்டான். அது பதில் சொன்னது. அவன் கூப்பிட்டான். அது பதில் சொன்னது...

பிறகு இரண்டும் நின்றுவிட்டன.

பனி விலக மூன்று நாள் ஆயிற்று. பண்ணையிலிருந்து வந்த ஆட்களோடு நானும் பள்ளத்தில் இறங்கினேன். மாடக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண் திறந்திருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது குடிசைப் புகையை. அவன் உட்கார்ந்திருந்தது ஓபேத்தின் குழிமேல். குழிமேல் மூன்று வருஷப் புல். ஒரு தாள்கூடப் பிடுங்கப்படவில்லை. மண் கிளறப்படவே இல்லை. நான் ஒவ்வொரு அடியாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவன் தோளைச் சுற்றி ஒரு கிழிந்த போர்வை இருந்தது. நுனி கழுத்துக்குக் கீழே செருகியிருந்தது. மூலையில் சிவப்பு ஒட்டு.

நீதிபதி கேட்டபோது என்னிடம் இருந்த பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைமேல் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நூலுக்கு நூல் பொருந்தியது. காணாமல் போன சர்க்கார் போர்வை கிடைத்துவிட்டது என்று குமாஸ்தா எழுதிக்கொண்டான். என் இருபத்தைந்து அடியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.